ஹாஜா மச்சான் எழுதிக்கொடுத்த சீட்டு

எங்கள் அக்கா ஃபக்ருன்னிசாவைக் கட்டியவர் ஹாஜா மொய்தீன். அவருடைய அம்மா எங்கள் அத்தாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, எங்களுக்கு மாமி. அதனால் நிக்காஹ்வுக்கு முன்னாலும் அவர் எனக்கு மச்சான்தான், பின்னாலும் மச்சான்தான். பூந்தமல்லியில் லைசென்ஸ் வாங்கி நடத்துகிற துப்பாக்கிக் கடை ஒன்றில் முப்பத்தெட்டு வருஷமாக வேலை. முதலாளி வேறு ஆள். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் முதலாளியைத் தேட மாட்டார்கள். பாய் இருக்காரா என்றுதான் கேட்பார்கள்.

துப்பாக்கிக் கடை என்றதும் சனங்கள் முகம் மாறிவிடும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, மூத்த மருமகன் என்ன தொழில் என்று கேட்டுவிட்டு டீயைப் பாதியில் வைத்தார்கள். உண்மையில் அங்கே வருகிறவர்கள் பேங்க் காவல்காரர்கள், அப்பா செத்து லைசென்ஸை மாற்றிக்கொண்ட பிள்ளைகள், தோப்பில் பன்றி விரட்ட வாங்கி வைத்த பழைய குடும்பத்துக்காரர்கள். எண்ணெய் போட வேண்டும், துரு எடுக்க வேண்டும், ஸ்பிரிங் மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மச்சானுக்குப் பேர் வாங்கித் தந்தது வேறொரு வேலை. எண் பார்க்கிறது. பழைய வெளிநாட்டு ரெட்டைக்குழல் துப்பாக்கி என்றால் அதில் மூன்று இடத்தில் ஒரே எண்ணை அடித்திருப்பார்கள். குழலின் அடியில் ஒன்று. விசை இருக்கிற நடுப்பாகத்தில் ஒன்று. குழலுக்குக் கீழே இடது கையால் பிடிக்கிற மரத்துண்டை முன்கட்டை என்பார் மச்சான். அதைக் கழற்றினால் உள்பக்கத்து இரும்பில் ஒன்று. மூன்றும் ஒன்றாக இருந்தால் அந்தத் துப்பாக்கி செய்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று மாறினாலும் அது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி. சுடுவதற்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் பழைய துப்பாக்கி சேர்க்கிறவர்கள் கையால் தொட மாட்டார்கள்.

மச்சான் எண் பார்ப்பதை ஒருமுறை சாப்பாடு கொண்டுபோனபோது நின்று பார்த்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்குக்கட்டிப் பொடியை விரலால் தேய்க்கிறார். கறுத்த இரும்பில் எண் வெள்ளையாக எழும்புகிறது. லென்ஸை வைத்து வாய்விட்டு மூன்று தடவை படிக்கிறார். பிறகுதான் கடைப் பேர் போட்ட சீட்டில் எழுதிக் கையெழுத்து. யாராவது, கைக்கு நல்லாப் பொருந்துதே பாய், ஒண்ணாத்தான் இருக்கும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். கைக்கு எல்லாம் பொருந்தும், இரும்பைப் படிக்கணும் என்பார்.

இந்தப் புத்தி வீட்டிலும் உண்டு. கேஸ் சிலிண்டர் வந்தால் பில்லில் இருக்கிற எண்ணையும் சிலிண்டரில் இருக்கிற எண்ணையும் பார்க்காமல் உள்ளே விட மாட்டார். அவர் மகன் ஜமீர் பிறந்த அன்று எங்கள் தம்பி ஜுல்ஃபிகர், "இன்னா மச்சான், பாகம் எல்லாம் நம்பர் ஒத்துப்போகுதா?" என்று கேட்டு அக்காவிடம் திட்டு வாங்கினான். மச்சான் மட்டும் நிதானமாகக் குழந்தையைத் திருப்பிப் பார்த்து, காது எங்க வீட்டுது, மூக்கு உங்க வீட்டுது, கலப்படம்தான் என்றார்.

அப்படிப்பட்ட மனுஷர் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது.

ஆவடியில் சேக்காட்டில் எத்திராஜ், பக்தவத்சலம் என்று அண்ணன் தம்பி. அவர்கள் அப்பாவை இரண்டு பேரும் நைனா என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். நைனாவுக்கு அங்கே மாந்தோப்பு இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு ஜமீன் வீட்டு ஏலத்தில் அவர் ஒரு ஜோடி துப்பாக்கி எடுத்தார். ஒரே கம்பெனி, ஒரே கை செய்தது, அடுத்தடுத்த எண். ஒன்றின் எண் ஒன்றில் முடியும், இன்னொன்று இரண்டில் முடியும். பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்தான், செய்தவனே வந்தாலும் எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நைனா இருந்தவரை வருஷம் ஒருமுறை இரண்டையும் சுமந்துகொண்டு மச்சானிடம் வருவார். மச்சான் துடைத்துக் கொடுக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

நைனா போன பிறகு தோப்பு ஃபிளாட் ஆகிவிட்டது. மிச்சம் இருந்த மனையில் இரண்டு வீடு கட்டிக்கொண்டார்கள். துப்பாக்கியையும் ஒன்றில் முடிவது அண்ணனுக்கு, இரண்டில் முடிவது தம்பிக்கு என்று எடுத்து லைசென்ஸ் மாற்றிக்கொண்டார்கள். அப்போது தம்பி பக்தவத்சலம் மட்டும், நைனா ஜோடியா வாங்கினது, பிரிக்க வேண்டாம், ரெண்டும் அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னாராம். எத்திராஜ் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பேப்பரில் சரியாக வைத்திருக்க வேண்டும் அவருக்கு. பங்கு என்றால் பங்கு என்று பிரித்துவிட்டார்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்டேஷனில் கொடுக்கலாம், லைசென்ஸ் இருக்கிற கடையிலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். கொரோனா நடுவில் ஒரு சட்டசபைத் தேர்தல் வந்ததே, அப்போது இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து இரண்டையும் மச்சானிடம் கொடுத்தார்கள். தேர்தல் முடிந்து திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் இரண்டையும் கழற்றி ஒரே மேஜையில் வைத்துத் துடைத்தார். ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது. முகத்தில் மாஸ்க். மூச்சு ஏறிக் கண்ணாடி முழுக்க ஆவி. கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு, நைனா காலத்திலிருந்து தொட்ட சாமான்தானே என்று, கையாலேயே தடவி இரண்டையும் பூட்டி ரேக்கில் நிறுத்திவிட்டுத் தொழுகைக்கு ஓடினார். முன்கட்டை இரண்டும் இடம் மாறிவிட்டன. ஒரே கை செய்தது அல்லவா, டக்கென்று உட்கார்ந்துகொண்டன. திருப்பி வாங்குகிறபோது குழலில் இருக்கிற எண்ணை மட்டும் லைசென்ஸோடு பார்ப்பார்கள். முன்கட்டையைக் கழற்றி யார் பார்க்கிறார்கள்?

இது எதுவும் அன்றைக்கு அவருக்கே தெரியாது.

அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பியது. சுவர் யார் இடத்தில் நாலு விரற்கடை ஏறியது என்று பேச்சு வந்தது. பேச்சு முற்றி, பிறகு பேச்சே நின்றுபோனது. எத்திராஜ் வீட்டு அம்மா பார்வதமும் தம்பி வீட்டு அம்மாவும் மட்டும் மாடியில் துணி காயப்போடுகிறபோது மெதுவாகப் பேசிக்கொள்வார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின ஆவணியில் எத்திராஜ் துப்பாக்கியை விற்க முடிவு பண்ணினார். மகன் ஐ.டி.யில் இருக்கிறான், அவனுக்கு அது வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து வெற்றிச்செல்வன் என்று ஒரு பல் டாக்டர், பழைய துப்பாக்கி சேர்க்கிறவர், சர்க்கார் அனுமதி எல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்கே வந்தார். மச்சான் வழக்கம்போல் துணி, பொடி, லென்ஸ். குழலைப் படித்தார். நடுப்பாகத்தைப் படித்தார். முன்கட்டையைக் கழற்றிப் படித்தார். கடைசி எண் இரண்டு.

"முன்கட்டை வேற துப்பாக்கியோடது, சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம்.

டாக்டர் மூன்று எண்ணையும் போனில் படம் பிடித்து எத்திராஜுக்கும் அனுப்பிவிட்டு, மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு போய்விட்டார். எத்திராஜ் நாற்காலியில் அப்படியே இருந்தார்.

"ரெண்டுன்னா அது அவன் துப்பாக்கிதான் பாய். ஜோடியைப் பிரிக்காத, பிரிக்காதன்னு சொல்லிகினே இருந்தான். பிரிச்சாலும் உதவாம பண்ணிக்கீறான் பாரு. கூடப் பொறந்தவன் திருடன்."

அந்த நிமிஷத்தில்தான் மச்சானுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்ததாம். ஆவி பிடித்த கண்ணாடி, ஒரே மேஜை, எல்லாம் வரிசையாக. இல்லை சார், அது என் கைத்தப்பு என்று சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மச்சான் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அக்கா துருவிக் கேட்டதும் சொல்லிவிட்டார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். என் வீட்டுக்காரர் மவுத்தாகி அடக்கம் ஆன பிறகு அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். நாளைக்கே சேக்காட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றார். அக்கா, போங்க என்றாள்.

நான்தான் தடுத்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

"மச்சான், எலெக்சனுக்கு ஒப்படைச்ச துப்பாக்கியில பாகம் மாறிப்போச்சுன்னா போலீஸ் கேஸ் ஆயிடும். துப்பாக்கி, போலீஸ், உங்க பேர், மூணும் பேப்பர்ல ஒரே வரியில வந்தா கைத்தப்புன்னு யாரு நம்புவா? அதீபாவுக்கு இப்பத்தான் பேசி முடிச்சிருக்கு."

அதீபா என் மகள். மாப்பிள்ளை வீட்டார் நல்ல இடம், பயந்த சனம். எனக்கு அந்த நேரத்தில் சேக்காட்டு அண்ணன் தம்பி கண்ணில் தெரியவில்லை. என் மகள் கல்யாணம்தான் தெரிந்தது. மச்சான் என்னை வெகுநேரம் பார்த்தார். மறுநாள் சேக்காட்டுக்குப் போகவில்லை.

எத்திராஜ் சும்மா இருக்கவில்லை. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் போனில் இருக்கிற படத்தைக் காட்டி, தம்பி செய்த வேலை என்றார். கார்த்திகை மாதத்தில் அதீபா கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதற்கு எத்திராஜ் வந்து மொய் எழுதி, மச்சானுடைய கையைப் பிடித்துக்கொண்டு, பாய் நீதான் உண்மையைச் சொன்ன ஆளு என்றார். மச்சான் பந்தி கவனிக்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்.

மார்கழியில் பக்தவத்சலம் கடைக்கு வந்தார். ஒரு கையில் பத்திரிகை, இன்னொரு கையில் உறையோடு துப்பாக்கி. அவருடைய ஒரே மகள் கிருஷ்ணப்பிரியாவுக்குத் தையில் கல்யாணம். அந்தப் பெண் பிறந்ததிலிருந்து பெரியப்பா தோளில் வளர்ந்தது. எத்திராஜுக்குப் பெண் பிள்ளை இல்லை. அவர்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வீட்டுக்குப் பெரியவர்தான் வாசலில் நின்று மாலை போட வேண்டும். பெரியப்பா நிற்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அந்தப் பெண் அழுகிறதாம். பத்திரிகை வைக்கப் போனபோது எத்திராஜ் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, திருடன் வீட்டு வாசலில் நிற்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பக்தவத்சலம் வேன் ஓட்டிப் பிழைத்தவர், சிரித்த முகம். அன்றைக்குக் கண் கலங்கியிருந்தது என்று மச்சான் சொன்னார்.

"பாய், நான் அந்தக் கட்டையைத் தொடவே இல்ல. என்னுதையும் நீங்களே கழட்டிப் பாருங்க. மூணும் ஒண்ணுதான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா அண்ணாத்தே நம்புவாரு. வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டாரு."

தன் துப்பாக்கி சுத்தமாக இருக்கிறது என்று அந்த மனுஷர் மனசார நம்பினார். உள்ளே எந்த எண் இருக்கிறது என்று மச்சானுக்குக் கழற்றாமலே தெரியும். கழற்றினார். துடைத்தார். பொடி தேய்த்தார். ஒன்று என்று வெள்ளையாக எழும்பியது. லென்ஸை வைத்தார், ஆனால் வாய்விட்டுப் படிக்கவில்லை.

அப்போது அவர் போட்ட கணக்கை என்னிடம் பின்னால் சொன்னார். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் பார்லிமெண்ட் தேர்தல். இரண்டு துப்பாக்கியும் கடைக்கு வந்தே தீர வேண்டும். வந்ததும் யாருக்கும் தெரியாமல் கட்டையை மாற்றி வைத்துவிடலாம். அதுவரைக்கும் ஒரு சீட்டு. இந்தச் சீட்டால் அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டால் என்ன கெட்டுப்போகிறது? எழுதினார். மூன்று பாகமும் ஒரே எண், கடைசி எண் இரண்டு. கீழே கையெழுத்து, தேதி.

பக்தவத்சலம் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாராம்.

எத்திராஜ் சீட்டைப் பார்த்தார். ஒரே எண் இரண்டு கட்டையில் எப்படி இருக்கும்? அவர் எதையும் பேப்பரோடு நிறுத்துகிறவர் இல்லை என்பதை மச்சான் மறந்துவிட்டார். துப்பாக்கியைக் கொண்டு வா என்று சொல்லி அனுப்பினார். தம்பி சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனார். முன்கட்டையை எப்படிக் கழற்றுவது, எண் எங்கே இருக்கும் என்று ஆவணியிலேயே கடையில் பார்த்து வைத்திருந்தார் எத்திராஜ். கழற்றினார். போன் வெளிச்சத்தில் படித்தார். தம்பியையும் படிக்கச் சொன்னார். பக்தவத்சலம் கடைசி எண்ணை ஒன்று என்று படித்தார். அதற்கு முன்னால் அவர் திருடன் மட்டும்தான். இப்போது சீட்டு வாங்கி ஏமாற்றவும் பார்த்தவர் ஆகிவிட்டார்.

மறுநாள் காலையில் எத்திராஜ் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சீட்டை மேஜையில் விரித்தார்.

"இது உன் கையெழுத்துதானே பாய்?"

ஆமாம் சார் என்றார் மச்சான்.

"என் நைனா உன்னாண்டதான் ஒக்காந்துகினு இருப்பாரு. அவன் உனக்கு இன்னா குடுத்தான்?"

மச்சான் பதில் சொல்லவில்லை. அதற்குத்தான் அவர் இன்றுவரை வெட்கப்படுகிறார். கட்டை மாறினதுக்கு இல்லை, சீட்டு எழுதினதுக்குக்கூட அவ்வளவு இல்லை. ஒன்றுமே வாங்காத தம்பி மேல் இன்னொரு பழி விழுந்தபோது, எதிரில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாரே, அதற்கு. எத்திராஜ் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியமே மச்சான் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி சீட்டுப் புத்தகத்தை எடுத்துத் தன் மேஜைக்குள் வைத்தார். பிறகு, துடைக்கிற வேலையைப் பாருங்க பாய், இனிமே சீட்டு எழுத வேண்டாம் என்றார். போலீஸுக்குப் போகவில்லை. பேப்பரிலும் வரவில்லை. நான் பயமுறுத்தினது ஒன்றுகூட நடக்கவில்லை.

மறுநாள் சேக்காட்டுக்குக் கிளம்பினார். அக்காவுக்கு மூட்டுவலி, பஸ் ஏற முடியாது. ஜமீர் துபாயில் இருக்கிறான். நான் வருகிறேன் மச்சான் என்றேன். வேண்டாம் என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். பூந்தமல்லியில் ஆவடி பஸ் ஏறினோம். பருத்திப்பட்டு தாண்டும்போது, நீ உள்ள வராத ஜமீலா, உன்னை யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தடுத்தது நான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

முதலில் தம்பி வீட்டுக்குப் போய், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வாங்க என்றார். பக்தவத்சலம் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கிற தெம்பு இல்லை அவருக்கு. மூன்று பேரும் சுவரைச் சுற்றிக்கொண்டு போனோம். நான் வாசற்படி வரைக்கும் போய் நின்றேன். பார்வதம்மாதான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

மச்சான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"கட்டையை மாத்தினது நான் சார். எலெக்சனுக்குக் குடுத்தீங்களே, அப்போ துடைச்சிட்டு எண்ணைப் பார்க்காம பூட்டிட்டேன். சீட்டு பொய். உங்க தம்பி ஒண்ணும் செய்யலை, எனக்கு ஒண்ணும் குடுக்கலை."

எத்திராஜ் எழுந்து நின்றார். "உனக்கு எப்போ தெரியும்?" என்றார்.

"அன்னைக்கே. டாக்டர் எதிர்ல படிச்சப்பவே."

அஞ்சு மாசம் என்றார் எத்திராஜ், தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. ஐந்து மாதத்தில் எத்தனை பேரிடம் போனைக் காட்டினோம் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் கறுத்துவிட்டது. தம்பி பக்கம் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தார். வெட்கம் அந்த அறையில் மச்சானுக்கு மட்டும் இல்லை.

பேசினது பக்தவத்சலம்தான். அதுவரை மச்சானை நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"உன் எதிர்ல ஒக்காந்து அழுதேனே பாய். என் பொண்ணைப் பத்திச் சொல்லி அழுதேனே. லென்ஸு வெச்சிப் பாத்தியே. அப்பக்கூட உனக்கு வாய் வர்ல."

பார்வதம்மா என் கையை விட்டுவிட்டார்.

பிறகு எத்திராஜ் உள்ளே போய்த் தன் துப்பாக்கியை எடுத்து வந்து தம்பியுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். மாத்து என்றார். மச்சான் இரண்டு முன்கட்டையையும் கழற்றினார். இதை அங்கே, அதை இங்கே. டக், டக். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷ வேலைக்குத்தான் ஆவணியிலிருந்து ஒரு குடும்பம் நாசமாகிக்கொண்டிருந்தது.

மச்சான் பழக்கத்தில் பொடிக்காகச் சட்டைப் பையில் கைவிட்டார். நீ பார்க்காத என்று எத்திராஜ் தடுத்தார். முன்கட்டையைத் திரும்பக் கழற்றி, போன் வெளிச்சத்தை அதன் மேல் பிடித்துக்கொண்டு, "பக்தா, நீ படி" என்றார். சுவர் எழும்பிய பிறகு தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று பார்வதம்மா என்னிடம் பின்னால் சொன்னார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அண்ணன் இன்னொரு தடவை என்றார். அவர் மறுபடியும் படித்தார். இரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்திருந்தன. மச்சானை அவர்கள் மறந்தே போய்விட்டார்கள்.

பார்வதம்மா இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். முகத்தைப் பார்க்காமல், குடிச்சிட்டுப் போங்க என்றார். மச்சான் நின்றபடியே குடித்தார். கொடுத்ததை மறுக்கிற நிலைமையில் அவர் இல்லை. நான் என் டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன்.

வாசலுக்கு வந்தபோது எத்திராஜ் பின்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். மச்சான் கையில் கொடுத்துவிட்டு, கைத்தப்பு யாருக்கும் வரும் பாய் என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல வந்தாரோ, சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

தையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை குடும்பத்துக்கு என்று வைத்தது, யாரும் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அக்கா சொன்னாள். மச்சான் வரவில்லை. ஆட்டோ வைத்து அக்காவும் நானும் போனோம். மண்டப வாசலில் எத்திராஜ் பட்டு வேட்டியோடு நின்று மாப்பிள்ளைக்கு மாலை போட்டார். பக்கத்தில் பக்தவத்சலம் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிருஷ்ணப்பிரியா மாடிப்படியில் பாதியில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். எங்களை வாங்க என்றார்கள். நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அண்ணனும் தம்பியும் பந்தியில் ஒவ்வொரு இலையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் இலைக்கு முன்னாலும் நின்றார்கள். பாயசம் போட்டுக்கங்க என்றார்கள். பாய் ஏன் வரவில்லை என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் யாருமே கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது மச்சான் கதவைத் திறந்தார். அக்கா வலி தாங்காமல் நேரே உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அண்ணன் நின்னாரா என்று கேட்டார். நின்னார் மச்சான், மாலை போட்டார் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, என்னைக் கேட்டாங்களா என்றார்.

"கேட்டாங்க மச்சான். ரெண்டு பேரும் கேட்டாங்க."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவசரம் இல்லாமல், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்த்தார். என்னால் கண்ணை அவர் முகத்தில் நிறுத்த முடியவில்லை. சரி ஜமீலா, மேல போய்ப் படு என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.